பாட்டனார் வந்த ஆண்டு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கவலை பிறக்கிறது. மதிப்பெண்ணைப் பற்றிய கவலையன்று அது, படிவத்தைப் பற்றியது. பதினோராம் வகுப்புச் சேர்க்கை இன்று கணிப்பொறி வழியே நடைபெறுகிறது. சில பெருநகரங்களில் மட்டும் இருந்த அம்முறையை 2025ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலம் முழுவதற்கும் ஆக்கிவிட்டனர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய எப்பக்கத்திலிருந்தும் எளிதில் வந்து சேரும் இடம் தாதர். ஆகவே நம் சங்கத்தார் சிலர் இங்கே ஓர் அன்பரின் இல்லத்து முன்னறையில் ஞாயிறுதோறும் அமர்ந்து, வரும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறோம். இரண்டு ஆண்டுகளாக நானும் அவர்களில் ஒருவன்.

நிரப்புவது பெரிய வித்தையன்று. பத்துக் கல்லூரிகள் வரை விருப்ப வரிசையில் எழுதலாம். முதலாவதாக எழுதிய கல்லூரியே கிடைத்துவிட்டால் அதில் சேர்ந்தே தீர வேண்டும். சேராவிட்டால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் இடமில்லை. இதைப் பெற்றோருக்கு விளக்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். "முதல்ல ரூயான்னு போடுங்க தம்பி, கெடைச்சாப் பொறவு யோசிப்போம்" என்பார் தந்தை. பிறகு யோசிக்க அங்கே வழியில்லை ஐயா என்று நாங்கள் சொல்ல வேண்டும். மகன் கலை படிக்க விரும்புவான். தந்தை வணிகவியல் என்பார். தாயார், நடந்து போகும் தொலைவில் எது இருந்தாலும் சரி என்பார். மூவருள் தாயாரின் கட்சியே எனக்கு எப்போதும் நியாயமாகப் படுகிறது. காலை நேரத்து ரயில் நெரிசலில் தாதர் நிலையத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் என்னோடு உடன்படுவார்கள்.

நிற்க. எங்களைத் திணற வைப்பது வேறோர் இடம். எந்தப் பிரிவினர் என்று கேட்கும் கட்டம் அது.

சென்ற ஆண்டு தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் தாயாரும் வந்தனர். தந்தை விடியற்காலையில் இட்லிக் கூடை சுமந்து விற்பவர். பெண் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வாங்கியிருந்தாள். அட்டவணைச் சாதியினர், பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். "சாதிச் சான்றிதழ் இருக்கிறதா?" என்றேன். "தாராவிக்கு எப்போது வந்தீர்கள் என்று ஆபீசில் கேட்டு அனுப்பிவிட்டார்கள்" என்றாள் பெண். தாயார் பெருமையோடு சொன்னார்: "எங்க மாமனாரு காமராசர் முதன்மந்திரி ஆன வருசம் ரயிலேறினாரு தம்பி. அதெல்லாம் பழைய குடும்பம்."

காமராசர் முதலமைச்சரானது 1954இல். அட்டவணைச் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானது 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள். அந்நாளிலோ அதற்கு முன்போ இம்மாநிலத்தில் குடியிருந்தவரின் வழிவந்தோருக்கே மாநிலத்தின் ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு அந்த நாள் 1967 அக்டோபர் 13. விளக்கிச் சொன்னேன். தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவரு நாலு வருசம் முந்தி வந்திருக்கணும், அப்படித்தானே?" என்றார்.

இது எவரோ ஓர் அலுவலர் தாமே கற்பித்த விதி அன்று. தாதருக்கு அடுத்த நிலையமான பரேலிலுள்ள சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியின் முதல்வரை எதிர்த்து, ஆந்திரத்திலிருந்து குடிவந்த பழங்குடி மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு சாதி ஒரு மாநிலத்தில் படும் இன்னலைக் கொண்டே அம்மாநிலத்தின் பட்டியல் அமைகிறது; மாநிலம் மாறினால் உரிமை உடன்வாராது என்பது அதன் சாரம். இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நூற்றுக்குப் பதின்மூன்று இடங்களை நம்பி நிற்கும் இம்மண்ணின் ஏழைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆயினும் தாராவியில் பிறந்து, தாராவியிலேயே படித்து, திருநெல்வேலியைத் திருமண வீட்டுக்காக மட்டும் பார்த்த பெண்ணுக்கு வேறு எந்த மாநிலம் சொந்தம்? 1950க்கு முன்பே வந்தவர்களின் நிலையும் நன்றாயில்லை. அந்நாளைய பள்ளிச் சான்று கொண்டுவா என்கிறார்கள். தோல் பதனிட வந்த பாட்டனார் பள்ளிக்கூடம் போயிருந்தால் ஏன் தோல் பதனிட வரப் போகிறார்?

ஆனால் கதவுகள் முழுதும் அடைபட்டுவிடவில்லை. இதைத்தான் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தை தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழைக் காட்டினால், இங்குள்ள அதிகாரியே பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் வழங்க 1985ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சுற்றறிக்கை வழி செய்கிறது. மகாராட்டிர அரசின் இடங்களுக்கு அது செல்லாது. மத்திய அரசின் இடங்களுக்குச் செல்லும். ஆக, பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அட்டவணைச் சாதியாக இருக்கும் அதே பெண், மாட்டுங்காவிலுள்ள வீ. ஜே. டி. ஐ.யில் பொதுப் பிரிவினள் ஆகிவிடுகிறாள். இந்த விந்தையைத் தாதர் இந்துக் காலனியிலுள்ள இராஜகிருகத்தின் வழியே போகும்போதெல்லாம் நான் எண்ணிக்கொள்வதுண்டு. அம்பேத்கர் தம் நூல்களுக்காகக் கட்டிய வீடு அது.

இன்னொரு வழி மொழி. சிறுபான்மை மொழியினரின் கல்லூரிகளில் அம்மொழியினருக்கெனப் பாதி இடங்கள் உண்டு. பள்ளியை விட்டு நீங்கும் சான்றிதழில் தாய்மொழி என்று ஒரு பத்தி இருக்கும். சாதிப் பத்தியைத் தேடுவோர் அதைப் பார்ப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அங்கே இந்தி என்று எழுதியிருக்கும். கேட்டால், "பள்ளிக்கூடத்தில் அப்படிப் போட்டுவிட்டார்கள்" என்பார்கள். நல்ல வேளையாக இப்பெண்ணின் சான்றிதழில் தமிழ் என்றே இருந்தது. விருப்ப வரிசையைக் கலைத்து மீண்டும் எழுதினோம். இரண்டாம் சுற்றில், தாயார் விரும்பியபடி நடந்தே போகும் தொலைவில், அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மத்திய அரசுக்கான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதற்குத் தந்தையின் சான்றிதழ் வேண்டும். அவரோ இதுவரை வாங்கியதில்லை. இட்லிக் கூடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஊருக்கு ஒரு முறை போய் வந்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் பாட்டனாரின் பெயருக்கு ஏதேனும் ஆதாரம் கேட்டார்களாம். இதை நான் எழுதும்போது இரண்டாம் முறையாகப் போயிருக்கிறார்.