குறும்பேத்தையும் சிறுவாணி நீரும்

தை 3

ஆபத்து நேரும்போது நீரை விழுங்கி வயிற்றைப் பந்துபோல் உப்பவைத்துக்கொள்ளும் மீன்களுக்குக் கடலோரத் தமிழில் பேத்தை என்று பெயர். இக்குடும்பத்தில் பெரும்பாலானவை கடலிலும் கழிமுகத்திலும் வாழ்பவை. பிறப்பு முதல் இறப்பு வரை நன்னீரிலேயே கழிப்பவை சிலவே. அச்சிலவற்றுள் மிகச் சிறியது, முழுவதும் வளர்ந்த பிறகும் ஓர் அங்குலத்தைச் சற்றே எட்டும் மஞ்சட்பச்சை நிற மீன். கோவைக் கடைகளில் 'பீ பஃபர்', அதாவது பட்டாணிப் பேத்தை, என்று விற்கப்படும் இதனை இக்குறிப்பு குறும்பேத்தை என்று வழங்குகிறது. 1941ஆம் ஆண்டில் சுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் பம்பை ஆற்றில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதனை முதன்முதலாக விவரித்து, திருவிதாங்கூரின் நினைவாக 'டிராவன்கோரிகஸ்' என்னும் சிற்றினப் பெயரைச் சூட்டினர். இன்று இது சேர்க்கப்பட்டிருக்கும் 'கரினோடெட்ராவோடான்' என்னும் பேரினப் பெயரில் 'கரினா' என்பது படகின் அடிமுதுகைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆண் மீன் சினந்தாலும் இணை தேடினாலும் வயிற்றின் நடுக்கோட்டில் தோலை விளிம்புபோல் நிமிர்த்துவதால் அப்பெயர் அமைந்தது. இப்பேரினத்தின் ஏனைய உறவுகள் பெரும்பாலும் தென்கிழக்காசியாவில் இருக்க, இந்தியாவில் இதுவும், 1999இல் பிரிட்ஸ், கொட்டலா ஆகிய இருவரும் பிரித்தறிந்து 'இமிடேட்டர்' என்று பெயரிட்ட இன்னொன்றுமே உள்ளன.

கோவையில் இம்மீனை 'இம்போர்ட்டட்' வகை என்று எண்ணி வாங்குவோர் பலர். அது அறியாமை என்பதைவிட, புவியியல் பாடத்தை மறந்ததன் விளைவு என்பதே சரி. இம்மீன் வாழும் ஆறுகளுள் ஒன்றான சாலக்குடி ஆற்றுக்கு நீர் தரும் சோலையாறு வால்பாறை மலையில் பிறக்கிறது. இன்னொன்றான பாரதப்புழைக்கு, பொள்ளாச்சிச் சீமை வழியே ஓடும் ஆழியாறு, எல்லை கடந்ததும் சித்தூர்ப்புழை என்று பெயர் மாறிச் சென்று சேர்கிறது. மேட்டில் நாம், பள்ளத்தில் மீன், அவ்வளவே தூரம்.

தை 20

இந்நாட்குறிப்புக்கு உரிய தொட்டி, நகரின் மேற்கே சிறுவாணிக் குழாய் வரும் வீடொன்றின் கூடத்தில், கிழக்கு வெயில் படாத சுவரோரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி. மணலும் வேர்க்கட்டையும் போக ஏறத்தாழ 45 லிட்டர் நீர் கொள்ளும். பஞ்சின் வழியே நீரை மெல்ல இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று ஓட, ஜாவா மாஸ் என்னும் பாசியும் வேலம்பாசியும் தொட்டியைப் பாதி மறைக்கும் அளவுக்கு நடப்பட்டுள்ளன. மீன் மட்டும் இல்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு இருக்கவும் கூடாது.

காரணம், மீன்காரர்கள் 'சைக்கிள்' என்று சுருக்கமாகச் சொல்லும் நைட்ரஜன் சுழற்சி. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை ஒப்பளவில் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்கள் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தோசை மாவு புளிக்கப் பொறுத்திருப்பவர்கள் தொட்டி பழுக்க மட்டும் பொறுப்பதில்லை என்பதால்தான், வாங்கிய மீன் ஒரே வாரத்தில் செத்து, பழி கடைக்காரர் தலையில் விழுகிறது.

மாசி 27

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் குப்பியில் ஒரு வாரமாகச் சுழியம் காட்டிய பின்னரே ஐந்து மீன்கள் வந்தன. இவ்வயதில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம். முதிர்ந்த ஆணின் வயிற்றில் கருங்கோடு ஒன்று ஓடும், கண்ணின் பின்புறம் நீலப்பச்சையாக மின்னும் மெல்லிய சுருக்கங்கள் தோன்றும், பெண் உருண்டு பருத்து நிறம் மங்கியிருக்கும்.

வந்தவற்றில் இரண்டின் வயிறு உள்ளொடுங்கிக் கிடந்தது. விற்பனைக்கு வரும் குறும்பேத்தைகளில் பெரும்பகுதி இன்றும் ஆற்றில் பிடிக்கப்படுபவை. உலர் தீனியைத் தொடாமல் வழியெங்கும் பட்டினி கிடந்ததும், குடலில் ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமந்து வருவதும் அவ்வொடுக்கத்துக்குக் காரணங்கள். பிடிப்பின் அளவு சிறிதன்று: 2005 முதல் 2012 வரையில் இந்தியாவிலிருந்து அழியும் அபாயத்தில் உள்ள 30 வகை நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல் அலங்கார வணிகத்துக்கு ஏற்றுமதியானதை ராஜீவ் ராகவனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. குறும்பேத்தையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'பாதிப்புக்கு உள்ளாகத்தக்கது' என்ற நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கடையில் ஐந்துக்குப் பதில் பத்தாக வாங்கினால் விலை குறையும் என்றார்கள். வளர்ப்பவர் ஐந்தோடு நிறுத்திக்கொண்டது சிக்கனத்தால் அன்று.

பங்குனி 9

இம்மீனை வளர்ப்பதில் உண்மையான உழைப்பு தொட்டியில் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கும் நத்தைப் பாத்திரத்தில் இருக்கிறது. குடும்பப் பெயருக்கு அடியான 'டெட்ராவோடான்' என்பது 'நாற்பல்' என்று பொருள்படும். மேலிரண்டும் கீழிரண்டுமாக இணைந்து கிளியின் அலகுபோல் ஆன அப்பற்கள் நத்தை ஓட்டை உடைக்கவே அமைந்தவை. மாத்திரைத் தீனியும் செதில் தீனியும் இதற்கு உணவே ஆகா. உறைய வைத்த ரத்தப்புழு, உயிருள்ள டாஃப்னியா, ஆர்ட்டீமியாக் குஞ்சு, சிறு நத்தை ஆகியவையே இதன் பந்தி. டியூபிஃபெக்ஸ் புழு கடைகளில் மலிவாகக் கிடைத்தாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து வருவதால் நோயைக் கூட்டிவரும். கொசுப்புழுவையும் குறும்பேத்தை ஆவலாய்த் தின்னும். ஆனால் டெங்குத் தடுப்புக்கு மாநகராட்சிப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து வாளியைக் கவிழ்த்துப் பார்க்கும் ஊரில் அதை வளர்க்கத் துணிவது மீன் ஆர்வம் ஆகாது, அண்டைவீட்டார்க்கு இழைக்கும் தீங்கு.

நத்தையை உக்கடம் குளத்திலோ வாய்க்காலிலோ பொறுக்குவது எளிது, செய்யத்தக்கது அன்று. நம் குளங்களில் எங்கும் காணப்படும் தட்டைச் சுருள் நத்தை பலவகைத் தட்டைப்புழுக்களின் இளம்பருவத்தைத் தாங்கித் திரிவது. அவற்றுள் சில மனிதத் தோலிலும் அரிப்பை உண்டாக்கும். ஆகவே செடியோடு வந்த முட்டைகளிலிருந்து வீட்டிலேயே நத்தை பெருக்கப்படுகிறது. உரித்த பீர்க்கங்காய்த் தோலும் வெந்த கீரைத்தண்டும் அவற்றுக்குப் போதும்.

இங்கே சிறுவாணி ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. உப்பும் சுண்ணமும் குறைந்த அந்த மென்னீரில் மீனுக்கு ஒரு குறையும் இல்லை. நத்தைகளுக்கோ மூன்றே வாரத்தில் ஓட்டின் உச்சி வெளுத்துக் குழிந்து, விரல் பட்டாலே நொறுங்கத் தொடங்கியது. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், மென்னீரில் அது இல்லை. பாத்திரத்து நீரை மட்டும் வீட்டு போர்வெல் நீராக மாற்றி, கழுவி உலர்த்திய முட்டையோட்டைத் தூளாக்கி இட்டதும் அடுத்த தலைமுறை நத்தைகள் தடித்த ஓட்டோடு பிறந்தன. துணி வெளுக்காது, பருப்பு வேகாது என்று கோவை வீடுகள் திட்டித் தீர்க்கும் உப்புத் தண்ணீருக்கு இப்படியும் ஒரு பயன்.

பங்குனி 10

வேட்டை. சிறு நத்தை கண்ணாடியில் ஊர்கிறது. குறும்பேத்தை ஒரு சாண் தொலைவில், முதுகுத் துடுப்பும் பக்கத் துடுப்புகளும் கண்ணுக்குத் தெரியாத விரைவில் அடிக்க, உடல் அசையாமல் நீரில் நிற்கிறது. ஒரு கண் நத்தையின் மேல், மற்றொன்று பின்னால் வரும் மீனின் மேல். இரண்டும் தனித்தனியே சுழல்பவை. வால் ஒரு பக்கம் சற்றே வளைகிறது. நத்தை கொம்பை நீட்டித் தலையை வெளியே எடுத்த கணத்தில், ஓட்டைத் தொடாமல், சதையை மட்டும் கவ்வி இழுக்கிறது. வெற்றோடு சுழன்று மணலில் விழ, மற்ற நான்கும் வந்து அதை முகர்ந்து பார்க்கின்றன.

சித்திரை 14

பிற்பகலில் தொட்டி நீரின் வெப்பம் 31 பாகை. குறும்பேத்தைக்கு 24 முதல் 28 வரை உகந்தது. சூடேறிய நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும்: கடல்மட்ட அழுத்தத்தில் 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 பாகையில் ஏழரையே கரையும். பனிக்கட்டியைப் போடுவது வெப்பத்தைத் திடீரென இறக்கித் தீங்கு செய்யும். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டதில், ஆவியாதலாலேயே மாலைக்குள் இரண்டரைப் பாகை இறங்கியது. மின்தடை நாள்களுக்காகப் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் காத்திருக்கிறது.

ஆனி 22

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் விசிறிக்கு வேலை இல்லை. தொட்டியில்தான் புழுக்கம்: ஐந்தில் இரண்டு ஆண்கள் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. பெரியது சிறியதை மூலைக்குத் துரத்தி வால்துடுப்பைப் பிறைபோல் கடித்து வைத்திருக்கிறது. பார்வைக்குப் பார்வை மறைக்கும் அளவு செடி அடர்ந்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று சொல்லப்படுவது இத்தொட்டியில் பலிக்கவில்லை. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்னும் கணக்கே இந்த அளவுக்குப் பொருத்தம். சிறிய ஆண் தனிப் பாத்திரத்துக்கு மாற்றப்பட்டது.

புரட்டாசி 5

வயிறு ஒடுங்கியிருந்த இரண்டில் ஒன்று, தின்றும் தேறாமல், இறந்தது. குடற்புழு மருந்து கொடுக்கத் தாமதித்தது வளர்ப்பவரின் பிழை. மீன் வந்த முதல் வாரத்திலேயே தனித்தொட்டியில் வைத்துச் செய்திருக்க வேண்டியது அது. செதில் இல்லாத மீனாதலால் செம்பு கலந்த மருந்துகள் இதற்கு ஆகா. நத்தைகளையும் அவை கொன்றுவிடும்.

ஐப்பசி 11

மழைக்காலத்தில் குழாய் நீரில் குளோரின் வாடை கூடுதலாக வருகிறது. ஒரு நாள் முன்னரே பிடித்து வைத்து, ஆன்டி-குளோரின் எனப்படும் தயோசல்பேட் கரைசல் சில சொட்டு விட்ட பின்னரே வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றப்படுகிறது. அப்படி மாற்றிய மறுநாள் காலை, வயிற்று விளிம்பை நிமிர்த்திக்கொண்ட ஆண், பெண்ணொன்றைப் பாசிக் கொத்துக்குள் ஓட்டிச் சென்றது. இரண்டும் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் சில நொடி நடுங்கின. பாசியை உதறிப் பார்த்ததில், கண்ணாடி மணிபோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் நான்கு முட்டைகள். தாய் தந்தை என்ற பாகுபாடின்றி எல்லா மீன்களும் முட்டையைத் தின்னும் என்பதால் பாசியோடு அவை வேறு பாத்திரத்துக்குப் போயின.

ஐப்பசி 17

மூன்று பொரிந்தன. முதல் நாள்களுக்குக் கருவுணவுப் பையே போதும்; பிறகு பழைய தொட்டி நீரில் பெருகும் நுண்ணுயிர்கள், அதன்பின் ஆர்ட்டீமியாக் குஞ்சு.

மார்கழி 20

விடியற்காலையில் நீர் 22 பாகைக்கு இறங்குவதால் சிறு ஹீட்டர் ஒன்று பொருத்தப்பட்டது. பொரிந்த மூன்றில் ஒன்று பிழைத்து, மிளகளவு உடலோடு தன் முதல் நத்தைக் குஞ்சைத் துரத்திக்கொண்டிருக்கிறது. தனியே இருந்த ஆண் மீனை, மென்னீரும் நத்தையும் உள்ள வேறொரு வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தாயிற்று. இடம் போதாத மீனை நொய்யலிலோ குறிச்சிக் குளத்திலோ விடுவது கருணையெனத் தோன்றலாம். வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட சக்கர் மீன் இன்று தமிழக ஏரிகளில் வலையை நிறைப்பது அத்தகைய கருணையால்தான். வைத்துக்கொள்ள முடியாதவர் மீனைக் கடைக்கோ மற்றொரு வளர்ப்பவருக்கோ கொடுத்துவிட வேண்டும். புதிதாக வாங்குவோர், வீட்டில் பொரித்த குஞ்சு கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு: பெரியவை மூன்று, குஞ்சு ஒன்று, நத்தைகள் எண்ணப்படவில்லை.