அண்ணாமலைக்கு ஒரே லென்ஸோடு!

"அம்மா, மூணுல ஒண்ணை மட்டும் நீ வச்சுக்கோ. மத்த ரெண்டையும் வித்துடலாம்" என்று மகள் போனில் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. மூன்று பட்டுப்புடவைகளைக் காட்டி, ஆயுசுக்கும் ஒன்றைத்தான் கட்டலாம் என்று சொன்ன மாதிரி!

புடவை இல்லை, கேமரா லென்ஸ். கல்லூரியில் படிக்கும்போது ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து அவள் வாங்கிய கேமராவை, வேலை கிடைத்து வெளியூர் போனபோது என்னிடம் விட்டுப் போனாள். நான்கு வருஷமாக அது என் தோளில்தான் தொங்குகிறது. கூடவே மூன்று லென்ஸ். பீரோவிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். விற்றால் பையனின் ஹாஸ்டல் பணத்துக்காவது ஆகும். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது?

எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய ஜூம். அம்மிக் குழவி கனம் கனக்கும். ஆனால் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கிளியைக்கூட இழுத்துக் கிட்டே கொண்டு வந்துவிடும். இரண்டாவது, இடத்தை அகலமாக விரித்துக் காட்டுவது. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்குகிற 35 மில்லிமீட்டர் லென்ஸ். ஜூமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதை நான் தொட்டதே இல்லை.

அந்த வாரம் திருவண்ணாமலை போவதாக இருந்தோம். கிரிவலம் போக வேண்டும் என்பது எழுபத்து நாலு வயதான என் மாமியாரின் ரொம்ப நாள் ஆசை. "ஒரே ஒரு லென்ஸைக் கொண்டு வா. சரிப்பட்டா அதை வச்சுக்கோ" என்று என் கணவர் யோசனை சொன்னார்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கோபுரங்கள், கொக்குகள், மலைகள், பூக்கள்... ஆயிரக்கணக்கில்! மனுஷ முகம் மட்டும் தேடினாலும் அகப்படவில்லை.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா இறந்தபோது, மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் இல்லை. நாள் முழுக்கக் கேமராவும் கையுமாகத் திரிந்த நான், பெற்றவளை ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைத்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அம்மா முகத்தை மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணினோம். முகம் மங்கல், ஓரத்தில் சித்தியின் தோள். என் பிறந்த வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குவது அந்தப் படம்தான்.

ஜூமை எடுத்து உள்ளே வைத்தேன். சின்ன லென்ஸைக் கேமராவில் மாட்டினேன்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 24 மில்லிமீட்டர் என்றால் திண்ணையில் உட்கார்ந்து தெரு முழுக்கப் பார்ப்பது போல. 50 என்றால் வாசற்படியில் நின்று எதிர் வீட்டுக்காரியோடு பேசுவது போல. 200 என்றால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல! இந்தக் கணக்கு பெரிய கேமராக்களுக்கு. என்னுடையது போன்ற சற்றே சின்ன சென்சார் உள்ள கேமராவில், 35 மில்லிமீட்டர் லென்ஸே அந்த 50-ன் வேலையைச் செய்துவிடும். இன்னொரு சௌகரியம் வெளிச்சம். ஜூமை முழுக்க நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். இந்தச் சின்னது எஃப் 1.8 வரை திறக்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! நம் வீட்டுச் சமையலறைக்கு வேறென்ன வேண்டும்?

சென்னையிலிருந்து பஸ்ஸில் திண்டிவனம், செஞ்சி வழியாகப் போனோம். செஞ்சிக் கோட்டை மலைகள் வந்ததும் கை பரபரத்தது. பழைய ஜூமாக இருந்தால் கொத்தளத்தையே பிடித்திருக்கலாம். இந்த லென்ஸில் கோட்டை கடுகாகத்தான் தெரிந்தது. பேசாமல் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ராஜகோபுரத்தின் முன்னால் போய் நின்றேன். பதினொரு நிலை, 217 அடி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தும் பாதிதான் அடங்கியது. எதிர்த் தெருவில் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன். பூக்கடை, பாத்திரக்கடை, மாடு, ஆட்டோ எல்லாம் தாண்டி ஏறக்குறைய 250 அடி பின்வாங்கிய பிறகுதான் கலசம் உள்ளே வந்தது. கூடவே பூக்கட்டும் அம்மா, பலூன்காரர், தோளில் குழந்தையோடு போகும் அப்பா எல்லோரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். கோபுரத்தை மட்டும் எடுத்த படங்கள் என்னிடம் எத்தனையோ உண்டு. கோபுரத்தின் கீழே ஊர் இருக்கிற படம் இதுதான் முதல்!

மறுநாள் பௌர்ணமி இல்லை. அதனால் கூட்டமும் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கே அத்தையை அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அத்தையால் முழுக்க நடக்க முடியாது. ரமணாசிரமம் வரை நடந்துவிட்டு, மிச்சத்துக்கு ஆட்டோ என்று ஏற்பாடு. அக்னி லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் விபூதிப் பொட்டலம் வாங்கப் போய்விட்டார்.

கடையில் ஒரே ஒரு பல்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில், டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி அத்தை. கேமராவை எடுத்தேன். உடனே முந்தானை முகத்துக்கு வந்துவிட்டது.

"என்னை எதுக்கும்மா எடுக்கறே? கோபுரத்தை எடு, புண்ணியமாவது கிடைக்கும்."

ஜூமாக இருந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் போய், அவருக்குத் தெரியாமலே எடுத்திருப்பேன். இந்த லென்ஸுக்கு எதிர் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நாலடி தூரம். நாலடியில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்க முடியுமா? கேமராவை மடியில் வைத்துவிட்டு, "நீங்க முன்னாடி இங்கே வந்திருக்கீங்களா, அத்தை?" என்று கேட்டேன்.

"வந்தேனே. என் மாமியாரோட. உன் வீட்டுக்காரனுக்கு முன்னால ஒண்ணு வயித்துல இருந்து தங்காமப் போச்சு. அடுத்ததாவது தங்கணும்னு கூட்டிட்டு வந்தாங்க. வெறுங்கால்ல சுத்தினோம். பாதி வழியில காலெல்லாம் கொப்புளம். வாயைத் திறக்கப் பயம் எனக்கு. அவங்களா பார்த்துட்டு, கட்டியிருந்த புடவைத் தலைப்பையே கிழிச்சுக் கட்டிவிட்டாங்க. புதுப் புடவைம்மா அது! அப்படிப்பட்ட கஞ்சம் அவங்க!"

சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. நான் கேமராவை உயர்த்தியதை அவர் கவனிக்கவே இல்லை. 

கல்யாணமாகி இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அந்த முதல் குழந்தையைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரமணாசிரமத்தில் அத்தை மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியில் உட்கார்ந்துவிட்டார். ரமணரின் தாயார் அழகம்மாள் 1922 மே 19-ம் தேதி காலமானார். அவருடைய சமாதியின் மேல் எழுந்த கோயில் அது. தாய்க்கு ஒரு கோயில்! என் அம்மாவின் மங்கலான படம் கண் முன் வந்தது. சிறிது நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

இந்த ஆசிரமத்துக்கும் ஒரே லென்ஸ் கதைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன், ரமணரின் கடைசி நாட்களில் இங்கே வந்து தங்கிப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு 8.47-க்கு ரமணர் சித்தியடைந்தபோது வானத்தில் ஒரு ஒளி நகர்ந்து போனதை அவரும் பார்த்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவரும் இவரே. உலகம் சுற்றிய இந்த மனிதர் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். 

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவும் புடவை கட்டிக்கொண்டு தில்லியில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். அவர் வைத்திருந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸை மாற்றவே முடியாது. முகம் பெரிசாக வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும்.

ஆசிரமத்தின் பின்னால் மலைப்பாதையில் நானும் இவரும் ஏறினோம். (இப்போது போகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று ஆசிரமத்தில் கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது.) ஸ்கந்தாசிரமத்துக்கு அருகிலுள்ள பாறையிலிருந்து கீழே பார்த்தால், அப்பப்பா! முந்தின நாள் என்னைத் தெருக்கோடிவரை துரத்திய ராஜகோபுரம் உள்பட ஒன்பது கோபுரங்களும் கோலம் போட்ட மாதிரி கிடக்கின்றன. வீடு வீடாகப் பொருள் திரட்டி, அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி கட்டி முடித்த வடக்குக் கோபுரமும் தெரிந்தது. எல்லாம் ஒரே படத்தில் அடங்கின. லென்ஸை மாற்றவில்லை, நின்ற இடத்தைத்தான் மாற்றினேன்.

கிடைக்காமல் போனதும் உண்டு. ஆசிரமத்துக் கூரையில் தோகை விரித்த மயில், படத்தில் சிட்டுக்குருவியாகத்தான் வந்திருக்கிறது! போகட்டும். மயிலை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அத்தையை எடுக்க நான்தானே உண்டு?

ஊர் திரும்பியதும் மற்ற இரண்டையும் விற்றுவிட்டோம். சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

வீட்டில் ஜூம் லென்ஸ் இருந்தால், அதை ஒரே எண்ணில் வைத்துச் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். பதினைந்து நாள் அப்படியே எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தானே தெரிந்துவிடும்.

செல்போனில் எடுப்பவர்களும் கவனியுங்கள். அதன் முக்கியக் கேமரா அகலப் பார்வை கொண்டது. குழந்தையின் முகத்துக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். நாலடி தள்ளி, இரண்டு மடங்கில் வைத்து எடுங்கள்.

மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் உறையில் வைக்காதீர்கள், பூஞ்சை வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

டீக்கடைப் படத்தைப் பெரிசு பண்ணி ஃபிரேம் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றவர், சட்டென்று நிமிர்ந்து, "ஏம்மா, இப்பவே கூடத்துல மாட்டி வச்சுடாதே. நான் இன்னும் இருக்கேன்!" என்றாரே பார்க்கலாம்!

கூடத்தில் மாட்டவில்லை. அடுக்களையில், நான் நின்று சமைக்கிற இடத்துக்கு எதிரே வைத்திருக்கிறேன்.