மூலமும் உரையும்

கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று திரித்துவம் என்பது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் விளங்கும் ஒரே கடவுளை வணங்குகின்றோம் எனத் திருச்சபை அறிக்கையிடுகின்றது. ஆயினும், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் ஈறாக அச்சொல் வேதாகமத்தில் ஓரிடத்தும் காணப்படுவதில்லை. மறையில் இல்லாத சொல்லை நும் கொள்கைக்குத் தலையாக வைத்தது யாங்ஙனம் எனப் பிறசமய நண்பர் வினவின், யாது விடை பகர்வோம்? முன்னோர் சொல்லினர், யாமும் சொல்கின்றோம் என்பது விடையாகாது. பொருள் உணராது சொல்லுதல் கிளிக்கும் இயலுமன்றோ?

தமிழ் பயிலும் எமக்கு ஈண்டு ஒரு வழி தோன்றுகின்றது. நூலுக்கு மூலம் என்றும் உரை என்றும் இரண்டு உள. பரிமேலழகர் உரையில் வருஞ் சொற்களெல்லாம் திருக்குறளில் உளவோ? இல. அதுபற்றி அவ்வுரையைத் தள்ளுவார் யாருமிலர். உரைச்சொல் மூலத்தின் பொருளைக் காக்கின்றதா, மறைக்கின்றதா என்பதே ஆராயத்தக்கது. திரித்துவம் என்பது மூலச்சொல் அன்று, உரைச்சொல்.

இனி மூலத்தை நோக்குவோம். கர்த்தர் ஒருவரே என உபாகமம் 6-ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது. அந்நெறியில் வளர்ந்த யூதராகிய தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் தம் தேவன் என்றும் அழைத்ததை யோவான் 20-ஆம் அதிகாரம் உரைக்கின்றது. இயேசு அதனை மறுத்திலர். மத்தேயு 28-ஆம் அதிகாரத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவரையுங் குறித்து ஞானஸ்நானங் கொடுக்கப் பணித்தவிடத்து, 'நாமம்' என்னுஞ் சொல் ஒருமையில் நிற்கின்றது. ஆயின், பிதா தம்மினும் பெரியவர் என இயேசுவே கூறுவதை யோவான் 14-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். விரைந்து படிப்பார் இதனை நன்னூலார் விலக்கிய மாறுகொளக் கூறல் என்னுங் குற்றம் என்பர்.

இக்கலக்கம் நம் காலத்துக்கே உரியதன்று. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலெக்சாந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ் என்பார், குமாரனும் படைக்கப்பட்டவரே எனப் போதித்தார். அவர் பக்கத்தார் வேதத்தை மறுத்தவரல்லர். மேற்கூறிய யோவான் வாக்கியத்தையும் நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டியே வாதித்தனர். கி.பி. 325-இல் கான்ஸ்தந்தீன் பேரரசர் நிசேயா நகரிற் சங்கத்தைக் கூட்டினார். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என அச்சங்கம் அறிக்கையிட்டது. வேதச் சொற்களை மட்டுங் கூறியபொழுது எதிர்த்தரப்பார் அவற்றையுந் தம் கருத்திற்கேற்பப் பொருள்கொண்டமையின், மூலத்தின் பொருளைக் காக்க மூலத்தில் இல்லாத ஒரு சொல் வேண்டியதாயிற்று என அச்சங்கத்துக்குச் சென்றிருந்த அத்தனாசியார் எழுதியுள்ளார். இக்கொள்கையின் பொருட்டு அவர் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் சபையைப் பிரிந்து வாழ்ந்தார். பின்னர் 381-இல் கான்ஸ்தாந்தினோபிளிற் கூடிய சங்கம் நிசேயாவின் கொள்கையை உறுதிசெய்தது.

ஒரு சொல்லுக்கு இத்துணைப் பாடு எற்றுக்கு? குமாரன் படைக்கப்பட்டவராயின், அவரைத் தொழுதல் படைப்பைத் தொழுதலாய் முடியும். அன்றியும், கடவுள் தாம் எட்ட நின்று, நம் துன்பத்தினுள் வேறொருவரை ஏவினார் என்றாகும். ஒரே தன்மையுடையவராயின், நம்மைத் தேடி வந்தவர் கடவுளே. நோயினும் இழப்பினும் சிலுவையை நோக்கி ஆறுதல் பெறுவானுக்கு இவ்விரண்டினிடையே உள்ள வேற்றுமை சிறிதன்று.

அங்ஙனமாயின், பெரியவர் என்ற வாக்கியம் என்னாவது? சேய்மையிற் கிடந்த சொற்களைப் பொருந்துமாறு இயைத்தலைக் கொண்டுகூட்டு என்பர் இலக்கணமுடையார். அவ்வாறே பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை இதனோடு கூட்டி நோக்குக. கடவுளின் ரூபமாயிருந்தவர் தம்மைத் தாழ்த்தி அடிமையின் ரூபமெடுத்தார் என அது கூறும். தாழ்ந்து நின்றவர் அந்நிலையினின்று பிதாவைப் பெரியவர் என்றார் எனக் கொள்ளின், மாறுபாடு நீங்கும்.

ஆதலின், வேதத்தைக் கற்குங்கால் ஒரு வாக்கியத்தைத் தனித்தெடாது, அதன் முன்னும் பின்னும் நோக்குதல் வேண்டும். பிற ஆகமங்களோடு ஒப்பிடுதல் வேண்டும். விசுவாசப்பிரமாணத்தின் ஒவ்வொரு சொல்லும் எவ்வினாவிற்கு விடையாய் எழுந்தது என அறிதல் வேண்டும். பின்னர் அமைந்திருந்து சிந்தித்தலும் செபித்தலும் வேண்டும். உரையை மனனஞ் செய்து மூலத்தைத் திறவாதவன் பிறர் கண்டதைச் சொல்வான். உரையை இகழ்ந்து மூலத்தைத் தனித்துப் படிப்பவனோ தான் விரும்பியதையே அதன்கட் காண்பான்.

இத்துணையுங் கற்றபின்னும் கடவுளியல்பு முற்றும் விளங்கிற்று என்பார் இலர். உரை கடலை அளந்து காட்டுவதன்று. கரையினின்று துறையைக் காட்டுவது. துறையறிந்து இறங்குதல் கற்பார் கடன்.