நிழலுக்கு யார் கூலி தருவார்?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் இப்போது உளிச் சத்தத்தைவிட கிரைண்டர் இரைச்சல்தான் அதிகம். மேலே தகரக் கூரை, முன்பக்கம் திறப்பு, தரையெல்லாம் கல்தூள். நான் போன பட்டறையில் ஆளுயர அம்மன் சிலை ஒன்று மல்லாக்கக் கிடந்தது. உடல் வேலை முடிந்து, முகத்தில் கைவைத்திருந்தார்கள்.

மூத்த சிற்பி கன்னத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து உளியை வைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் போட்டு, சிலையின் காதோரமாகத் தாழ்த்திப் பிடித்தார். அதுவரை வழவழவென்று தெரிந்த கன்னத்தில் சின்னச் சின்ன மேடுகள் நிழலோடு எழும்பின. காவியால் அவற்றைச் சுழித்துக்கொண்டார். டார்ச்சை முகத்துக்கு நேரே கொண்டுவந்ததும் அத்தனை மேடும் காணாமல் போயின.

“நேர் வெளிச்சம் பொய் சொல்லும் சார். சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் கல்லு உண்மையைக் கக்கும்.”

“டார்ச் இல்லாத காலத்துல என்ன செய்வீங்க ஐயா?”

“காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான். உச்சி வெயில்ல எங்கப்பா முகத்தைத் தொடவே விடமாட்டாரு. போய்க் கல்லு உடைடான்னுவாரு.”

காரணம் எளிது. கருங்கல்லுக்கு ஒரே நிறம். புருவமும் இமையும் உதடும் அதே கல்தான். இமையின் விளிம்புக்குக் கீழே உளி எவ்வளவு ஆழம் போகிறதோ, அவ்வளவு நிழல் அங்கே தங்கும். பார்ப்பவருக்கு அதுதான் கண்ணின் கோடு. கருவறையில் இந்த அம்மனுக்குக் கிடைக்கப்போவது எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியும் கற்பூர ஆரத்தியும். தீபம் மேலும் கீழும் போகும்போது நிழலும் கூடவே நகரும். இமை ஆழமில்லாவிட்டால் அந்த முகத்தில் ஒன்றும் நடக்காது.

இன்னொரு நுணுக்கத்தையும் தொட்டுக் காட்டினார். உளி கொத்திய இடத்தில் கல்லின் மணிகள் நொறுங்கி, ஒளியைச் சிதறடித்து வெளுத்துத் தெரிகின்றன. தேய்த்து மெருகேற்றிய இடம் கறுத்துவிடுகிறது. ஒரே கல்லில் உடலைக் கறுப்பாகவும் நகைகளை வெளிறலாகவும் பிரித்துக் காட்டுவது இப்படித்தான்; சாயம் எதுவும் கிடையாது.

பல்லவர் காலத்துச் சிற்பிகளும் இதே கணக்கைப் போட்டவர்கள்தான். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் ஒரு பக்கச் சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேல் பாய்ந்து வருகிறாள். எதிர்ச் சுவரில் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். முன்புறத் தூண்களுக்கிடையே நுழையும் வெளிச்சம் இரண்டு சுவர்களிலும் பக்கவாட்டில்தான் விழும். போரின் பரபரப்பிலும் உறக்கத்தின் அமைதியிலும் பாதி வேலையை அந்தச் சாய்ந்த ஒளி செய்கிறது. அர்ச்சுனன் தபசுப் பாறையோ கிழக்கு பார்த்தது. அதிகாலையில் வெயில் நேரே அறைய, உருவங்கள் தட்டையாகத் தெரியும். பொழுது ஏற ஏற ஒவ்வோர் உருவத்தின் கீழும் நிழல் இறங்கி, யானைகள் புடைத்து வெளியே வரும். மதியம் தாண்டினால் பாறை முழுக்க நிழலுக்குள் போய்விடும்.

இங்கே 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறையின் கவலை வேறு. கிரைண்டர் வந்ததால் வேலை சீக்கிரம் முடிகிறது. மூக்கைச் சுற்றித் துணி கட்டிய இளைஞர்களின் நுரையீரலுக்குள் தூளும் சீக்கிரம் போகிறது. வாங்குகிறவர்கள் பலர் செல்போனில் படம் கேட்கிறார்கள். பளிச்சென்ற பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஆழமும் ஒன்றுதான், மேலோட்டமும் ஒன்றுதான்.

“சிலைக்கு வெலை அடிக்கணக்குல பேசறாங்க. மூணு அடின்னா இவ்ளோ, அஞ்சு அடின்னா இவ்ளோ. உள்ளே எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு யாரும் கேக்கறதில்ல” என்றார் சிற்பி. ஒரு முழு நாள் போய்விடுவது அந்த அரை அங்குல ஆழத்துக்குத்தான். அவசர ஆர்டர் என்றால் முதலில் குறைவதும் அதுவே.

சிலை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலையிலோ மாலையிலோ போங்கள். இல்லாவிட்டால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இமைக்குக் கீழே நிழல் நின்றால், அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.