நாலு பேரும் ஒரு கறுப்புப் பூனையும்

டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாநிலத்தில் உள்ளது சகுரா நகரம். அங்கே ஒரே மழலையர் பள்ளியில் படித்த நால்வர் சேர்ந்த ராக் குழுதான் 'பம்ப் ஆஃப் சிக்கன்'. பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 1996இல் தொடங்கிய குழுவில் இன்றுவரை அதே நால்வர்தான். ஈகோ சண்டையில் உடைந்த குழுக்களே நிறைந்த ராக் உலகில் இது பெரிய விஷயம்.

2001இல் வந்த 'டென்டாய் கன்சோகு' அவர்களை ஜப்பான் முழுக்கக் கொண்டுசேர்த்தது. நட்சத்திரம் பார்க்க நடுராத்திரியில் தொலைநோக்கியோடு கிளம்பும் இளசுகளின் பாட்டு அது.

ஆனால் நட்பைப் பற்றிய அவர்களின் பாட்டு என்றால் 'கே'தான்.

குழுவின் பாடகர் ஃபுஜிவாரா மோட்டோ எழுதிய இந்தப் பாட்டு 2000ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. ஊரே கல்லெறிந்து விரட்டும் கறுப்புப் பூனையை ஓர் ஏழை ஓவியன் தூக்கிக்கொள்கிறான். அதற்குப் பெயர் வைக்கிறான், அதையே வரைந்து தள்ளுகிறான். கறுப்புப் பூனைப் படத்தை யார் வாங்குவார்? வறுமையில் சாகும் முன் காதலிக்கு ஒரு கடிதம் எழுதிப் பூனையிடம் கொடுக்கிறான். அடிபட்டு, மிதிபட்டு, ஓடி ஓடிக் கடிதத்தைச் சேர்க்கிறது பூனை. அத்தோடு அதன் உயிரும் போகிறது.

'நண்பேன்டா' என்று தோள்தட்டுவதெல்லாம் இதில் கிடையாது. சில நிமிடங்களில் ஒரு முழுச் சிறுகதை. ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் கதையை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.