அத்திப்பள்ளி தாண்டி வந்த அஜ்ஜி

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு புதுமனை புகுவிழா. ஹோமப் புகை அடங்கிவிட்டது. மொய் நோட்டு விரித்தாயிற்று. வாசலில் ஆட்டோ வந்து நிற்க, எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் இறங்குகிறார். பழைய மைசூர் சில்க், கையில் மஞ்சள் பை. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை. பேசிக்கொண்டிருந்த மேலதிகாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அந்த அம்மாளின் காலில் விழுகிறார். அவருடைய பிள்ளைகள் "அஜ்ஜி, அஜ்ஜி" என்று பையைப் பிடுங்குகிறார்கள். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி.

பந்தல்கால் ஓரம் உட்கார்ந்திருந்த நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் தாயார் சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது தானாகக் காதில் விழுந்தது.

1991. இவர்களுடையது கொத்தனார் குடும்பம். பெங்களூரில் மாகடி ரோடு பக்கம் குடியிருந்தது. காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 205 டிஎம்சி தண்ணீர் விடச் சொல்லி ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வந்ததும் தமிழர் குடியிருப்புகளில் அடியும் தீயும். பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

"வேலைக்குப் போன இடத்துல அவரு மாட்டிக்கிட்டாரு. ரெண்டு பிள்ளைங்களையும் அக்காகிட்ட விட்டுட்டுத் தேடிப் போனேன். ஊரடங்கு. திரும்பி வர மூணு நாளாச்சு."

அந்த அக்காதான் இந்த அஜ்ஜி; கன்னடக்காரர், பக்கத்து வீடு. பிள்ளைகளை ராகி மூட்டைகளுக்குப் பின்னால் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார். வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். கும்பல் வந்து கேட்டபோது, தங்கச்சி பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, மாரம்மா இருக்கிற வீட்டுக்குள் வராதீர்கள் என்றாராம். சின்னவளுக்கு இருமல். அவள் இரும ஆரம்பித்தால் இவர் ராகிக்கல்லைச் சுற்றுவாராம். அரைக்க ராகி இருந்ததோ இல்லையோ, கல் சுற்றியது. இவர் கணவர் ராத்திரியெல்லாம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கதை இந்த இடத்துக்கு வரும்போது அஜ்ஜி எழுந்து கை கழுவப் போய்விட்டார். "அதெல்லாம் ஈக யாக்கம்மா? பந்தி போடுங்க." பந்தியில் ரசம் ஊற்றிய பையனிடம், "சாரு யாரப்பா செஞ்சது? நல்லா இருக்கு" என்று கேட்டார். பேத்திக்குக் கண்ணாடி வளையல் போட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய கதையைக் கேட்டு அழுதவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதே காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் மறுபடி தமிழகப் பஸ்கள் எரிந்தன. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியிலிருந்து தமிழகப் பக்கம் ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தார்கள். அதே நாள் சென்னையில் கன்னடக்காரர் ஓட்டல் ஒன்றின்மீது பெட்ரோல் குண்டு விழுந்தது. அன்று இந்த வீட்டிலிருந்து அஜ்ஜிக்குப் போன் போயிருக்கிறது. அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ பார்டர் பக்கம் வராதே மகனே."

இப்படி அடைக்கலம் கொடுத்தவர்களை வேறு இடங்களில் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நாஜிகள் ஆதிக்கத்தில் பிரான்ஸ் இருந்தபோது லு ஷாம்போன் என்ற மலைக்கிராமமும் சுற்றுப்புறமும் ஆயிரக்கணக்கானவர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றின. அவர்களில் யூதப் பிள்ளைகள் ஏராளம். ஆந்த்ரே த்ரொக்மே என்ற பாதிரியார் முன்னே நின்றார். கதவைத் திறந்தவர்கள் விவசாயக் குடும்பங்கள். அதே காலத்தில் போலந்தில் யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. அங்கேதான் இரேனா செண்ட்லர், வார்சா கெட்டோவிலிருந்து கடத்திக் காப்பாற்றிய பிள்ளைகளின் உண்மைப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஜாடியில் போட்டுப் புதைத்து வைத்தார். ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் 1963 முதல் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பதிவு செய்கிறது. 28,000 பேருக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த இனப்படுகொலையையும் நம் கலவரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நான் கேட்பது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். கல்லெறிந்தவனும் தீ வைத்தவனும் செய்தியானார்கள். மூன்று நாள் வெறுங்கல்லைச் சுற்றியவரைப் பற்றி ஒரு வரி இல்லை. இது பெரிய குறை, நம் குறை.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர்ப் பக்கம் இருக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் அந்த டிசம்பரைக் கடந்து வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கதவு திறந்து உள்ளே விட்ட கன்னடக்காரர் யார், எந்தத் தெரு, என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். தமிழர் வீட்டில் அடைக்கலமான கன்னடக் குடும்பங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். அன்று கதவைத் திறந்தவர்களில் பலருக்கு இன்று எழுபது எண்பது வயது. இந்த வருஷமே எழுதுங்கள்.