ஹேர்மிஸ் துயிலும் ஆழத்திலே

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு நீலப் பரப்பொன்றே தோன்றும். அதன் கீழ், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, 300 பேருக்கு மேற்பட்டோருடன் அது அமிழ்ந்தது.

இன்று அதனைக் காணத் தேர்ந்த சுழியோடிகள் இறங்குகின்றனர். முதுகிலுள்ள காற்று தடைப்படின் அவர்க்குத் துணையாவது தனியான சிறு சிலிண்டரே. எத்துணைப் பெரிதாக அஃது இருத்தல் வேண்டும்? ஆழமே அதனைத் தீர்மானிக்கும். 50 மீற்றரில் அமுக்கம் ஆறு மடங்காதலின், ஒரு மூச்சு ஆறு மூச்சின் காற்றைக் கொள்ளும்.

200 பார் அமுக்கத்தில் நிரப்பிய 3 லீற்றர்ச் சிலிண்டர் 600 லீற்றர்க் காற்றைத் தரும். அச்சமுற்றவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 30 லீற்றர் சுவாசிப்பாரெனக் கொள்வோம். 30 மீற்றரிலிருந்து ஏறி, 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து மீள அது போதும். ஹேர்மிஸின் அடியிலிருந்தோ, நிமிடத்துக்கு 9 மீற்றராக ஏறுவதற்கே 600 லீற்றருக்கு மேல் வேண்டும். தரிக்காது விரைந்தால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழாகி உயிரையும் பறிக்கும்.

ஆதலின் பெரிய சிலிண்டரே அங்கு ஏற்றது. அதற்குத் தனிச் சீராக்கியும் அமுக்கமானியும் பொருத்துக. வாயிற் கௌவும் பகுதியை, காணாமலே கை எட்டுமாறு மார்பில் மாட்டுக. இறங்குமுன் மூச்சிழுத்துச் சோதிக்க. அக்காற்றைச் சுற்றிப் பார்க்கும் கணக்கில் ஒருபோதும் சேர்க்கற்க.

ஹேர்மிஸ் பலருக்குக் கல்லறை. அதனைக் காணச் செல்வோர், திரும்பும் காற்றை முதலில் எண்ணிப் பின்னரே இறங்குவாராக.